தார் ரோட்டில் போன கேரல் லோரி

கோலசிலாங்கூர்
27.12.1985

அன்புள்ள சூசை அண்ணனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை பிலோமினா எழுதுவது. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். ஆண்டவர் தயவில் நாங்கள் இருவரும் சுகம். சிங்கப்பூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா முதலில் கேட்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. சுங்கை பெசாரில் சித்தி எடுத்துக் கொடுத்த துணியில் எனக்குக் கிறிஸ்மஸ் சட்டை தைத்தோம், கைப்பக்கம் கொஞ்சம் இறுக்கம்.

இனி செல்லையா விஷயம். கோபப்படாமல் கடைசிவரை படிக்க வேண்டுமாம். அப்பாவின் அடக்கத்தன்று நீங்கள் செல்லையாவின் சட்டையைப் பிடித்து, இந்த ஆள் தோட்டத்தில் இருக்கும்வரை நான் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னதை யாரும் மறக்கவில்லை. மழையில் செம்மண் பாதை வேண்டாம், தார் ரோட்டில் போ என்று அப்பா சொல்லியும் கேட்காமல் குறுக்கே ஓட்டி, அப்பாவோடு லோரியைக் கால்வாயில் கவிழ்த்தவர் அவர்தான். அவரே அதை மறுக்கவில்லை. ஆனால் தோட்ட லோரிக்கு இன்னமும் அவர்தான் டிரைவர், தொழிலாளர் லயம் லயமாக, வீடு வீடாகக் கிறிஸ்மஸ் கேரல் பாடப் போக அந்த லோரியை விட்டால் வேறு இல்லை. கோயில் உபதேசியார் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், உனக்கு மனம் இல்லையென்றால் இந்த வருடம் நடந்தே போகிறோம் என்றார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, லோரி வரட்டும் என்றார்கள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் லோரியின் பின்னால் ஏறினோம். அம்மா மட்டும் சுற்றிப் போய் முன்கதவைத் திறந்து, போன கிறிஸ்மஸுக்கு அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். செல்லையா திரும்பவே இல்லை. தார் ரோடும் செம்மண் பாதையும் பிரிகிற இடத்தில் லோரியை நிறுத்தி, அக்கா, எந்தப் பக்கம் போக என்று கேட்டார். தினமும் ஓட்டுகிறவர் ஏன் கேட்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

“தார் ரோட்டுலயே போ, செல்லையா. மெதுவாப் போ” என்றார்கள் அம்மா.

அவர் ஊர்ந்து போனதைப் பார்த்து, இப்படிப் போனால் ஈஸ்டருக்குத்தான் போய்ச் சேருவோம் லா என்று பின்னால் எங்களோடு இருந்த நாகமணி அக்கா கத்த, அம்மாகூடச் சிரித்துவிட்டார்கள். செல்லையா சிரிக்கவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கோயிலில் உபதேசியார், அம்மாவைக் காட்டி, லூர்தம்மா செல்லையாவை மன்னித்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னார். ஞானோபதேச வகுப்பில் மன்னிப்பைப் பற்றி மனப்பாடம் செய்திருக்கிறேன் அண்ணே, ஆனால் அது மனதுக்குள் எப்படி நடக்கிறது, வலிக்குமா, ஒரே நாளில் முடிந்துவிடுமா என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. அதனால் அம்மாவிடமே கேட்டேன். “தெரியலடி. பக்கத்துல உட்கார முடிஞ்சுது. அதுக்கு மேல எழுதாத” என்றார்கள். பிறகு கொஞ்சம் யோசித்து, இறங்கினதும் நான் லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றதையும் எழுது என்றார்கள்.

பிப்ரவரியில் அப்பாவுக்கு வருட நினைவுப் பூசை. செல்லையாவையும் அம்மா வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: நீ அவனோடு பேச வேண்டாம் ராசா. கோயில் வாங்குப் பலகையின் அந்த முனையில் அவன் உட்காரட்டும், இந்த முனையில் நீ உட்கார், நடுவில் நான் இருக்கிறேன். நீ வா.

மாதா உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். பட்டறையில் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். லீவை இப்போதே கேட்டு வை.

இப்படிக்கு,
சிலுவை போட்டுக் கையெழுத்திடும் அம்மா லூர்தம்மாள் +
எழுதியவள் பிலோமினா

அம்மா இன்னும் ஏதோ சொல்ல வந்தார்கள். அதற்குள் ஆபீசில் வழக்கம்போல் தோட்டத்து விளக்குகளை நிறுத்திவிட்டார்கள்; இந்த வரியை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.