தலையாட்டாத நான்கு கோடைகள்

ஹார்லன் கிராசிங், நெப்ராஸ்கா
9 பிப்ரவரி 1986

அன்புள்ள எமில்,

இங்கு எல்லோரும் நலம். கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கும் நீ பதில் போடாததால், ஒமாஹாவில் நீயும் நலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நம் பேஸ்பால் லீக்கின் ஐம்பதாம் ஆண்டு மலருக்குக் கணக்கெடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பந்தெறியும் ஒவ்வொரு பிட்சரும் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுத்தான், பக்கத்தில் அந்த ஆண்டின் லீக் சராசரி. எல்லோரும் சராசரியை ஒட்டியே ஓடுகிறார்கள். நீதான் ஒட்டவில்லை.

என் அண்ணன் டுவேன் உன் பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தபோது லீக் சராசரி நான்கு, நீ ஐந்து. அவன் லாரியோடு ஓடையில் விழுந்து செத்த அடுத்த கோடையிலிருந்து நான்கு ஆண்டுகள் நீ இரண்டைத் தாண்டவில்லை. இந்த லீக்கில் யாரும் அவ்வளவு நன்றாக எறிந்ததில்லை. பிறகு ஒரு ஜூலையில் திடீரென்று ஆறு.

குடித்துவிட்டு ஓட்டினான், லாரியில் கூட இருந்த லைலையும் கொல்லப் பார்த்தான் என்று ஊர் ஏற்கெனவே அவனைப் பேசுகிறது. உன்னையும் அவன்தான் கெடுத்தான் என்று அம்மா மலரில் படிக்க வேண்டுமா? லைலிடம் கேட்டால், "பழச ஏன் கிண்டுற?" என்று எழுந்து போய்விடுகிறார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த இரவைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

அன்புடன்,
ஆர்லீன்

ஒமாஹா
20 பிப்ரவரி

அன்புள்ள ஆர்லீன்,

டுவேன் என்னைக் கெடுக்கவில்லை. எந்தப் பந்து போட வேண்டும் என்று அவன் விரல் காட்டுவான், நான் தலையாட்டி மறுப்பேன். "கழுத்து சுளுக்கிக்கப் போவுதுடா, ஒரு தடவயாவது நான் சொல்றத போடு" என்று மைதான நடுவிலேயே வந்து திட்டுவான். அவன் செத்த பிறகுதான் அவன் பேச்சைக் கேட்டேன்.

நீ சிரித்தாலும் சரி. புதுக் கேட்சர் டெரி குந்தி உட்கார்ந்து விரல் காட்டுவான். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கை நீளும். வளைந்து போன அந்தச் சுண்டுவிரலை எனக்குத் தெரியாதா? அந்தக் கை கேட்டதைப் போட்டேன். ஒருவனும் அடிக்கவில்லை.

இதை அம்மாவிடம் மட்டும் சொல். அந்த ஜூலையைக் கேட்காதே.

எமில்

ஹார்லன் கிராசிங்
27 பிப்ரவரி

எமில்,

சிரிப்பு வரவில்லை. அந்த ஜூலை ஆட்டத்தின் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது இன்னிங்ஸ் வரை ஒரு ஓட்டமும் இல்லை. அப்போது எதிரணியிலிருந்து லைல் மட்டையோடு வருகிறார். நான்கு பந்தும் எட்டாத தூரத்தில் வெளியே போட்டு, பந்தை அடிக்காமலே அவரை முதல் தளத்துக்குச் சும்மா நடக்க விட்டிருக்கிறாய். அதன் பிறகு வந்தவன் எல்லாம் உன்னை அடித்திருக்கிறான்.

டுவேன் என்ன காட்டினான்?

ஆர்லீன்

ஒமாஹா
8 மார்ச்

ஆர்லீன்,

கட்டைவிரலைச் சுண்டினான். மட்டை பிடிப்பவன் தலைக்கு எறி என்று அர்த்தம். அவன் விளையாடிய காலத்தில் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். மறுபடி சுண்டினான். மறுபடி ஆட்டினேன். மூன்றாவது தடவையும் சுண்டினான். டுவேன் காரணம் இல்லாமல் கேட்க மாட்டான், என்ன காரணம் என்றும் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கைக்குழந்தையோடு நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பந்தை வெளியே எறிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது டெரியின் பின்னால் யாரும் இல்லை. அப்புறம் அவன் வரவே இல்லை.

என்னை மன்னித்துவிடு.

எமில்

ஹார்லன் கிராசிங்
15 மார்ச்

எமில்,

நேற்றுச் சாப்பிடும்போது லைலிடம் கேட்டேன், அன்று லாரியை ஓட்டியது யார் என்று. உன் பெயரையோ கடிதத்தையோ நான் சொல்லவில்லை.

முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த ஜூலை ஆட்டத்துல எமில் திரும்பத் திரும்பத் தலையாட்டினான்" என்றார். "டெரி ஒரு தடவதான் விரல் காட்டினானாம், ஆட்டம் முடிஞ்சு கேட்டேன். அப்போ யாருக்குடா இவன் வேணாம்னு சொல்றான்னு யோசிச்சேன், டுவேனுக்குத்தான்னு தெரிஞ்சுபோச்சு. லாரிய நான்தான் ஓட்டினேன் ஆர்லீன். டுவேன் தூங்கிட்டிருந்தான். லாரி விழுந்ததும் அவன ஸ்டியரிங் பக்கம் நகர்த்தி வச்சேன். அப்போ அவனுக்கு உயிர் இருந்துச்சு."

குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் எண்களை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இனி எனக்கு எழுதாதே.

நீ தலையாட்டியிருக்கக் கூடாது, எமில்.

ஆர்லீன்