ஒருவர் படுக்கும் சேம்பர்

மார்ச் 4
கடலடிக் குழாயில் வால்வு மாற்றும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. கலங்கல் தண்ணீர், கையுறைக்குள் விரல் மரத்துப்போகிறது. என்னோடு இறங்குவது அக்கா புருஷன். அத்தான் போல்ட் முறுக்குவதைப் பார்த்தால் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருக்கும். சீக்கிரம் என்றால், "எஞ்சினியரிங்ல பொறுமைன்னு ஒரு பாடம் வைக்கலியா மாப்ள?" என்று கேலி.

மார்ச் 6
மேலே வந்ததும் அத்தானுக்குத் தோள் வலி. மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆழத்திலிருந்து ஏறும்போது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியிருக்கிறது. சேம்பரில் அடைத்து, மறுபடி அழுத்தம் ஏற்றி, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். கப்பலில் இருப்பது ஒரே சேம்பர், ஒரு ஆள் படுக்கிற இரும்புக் குழாய். சாயங்காலம்தான் வெளியே வருவார்.

சேம்பரில் ஆள் இருக்கும்போது யாரும் இறங்கக் கூடாதாம். ஒரு தோளுக்காக மொத்தக் கப்பலும் கைகட்டி உட்காரணுமா? சூப்பர்வைசரை நச்சரித்தேன். "மூணு போல்ட்டு சார். போனேன் வந்தேன்னு வந்துடுவேன்."
"என்னமோ பண்ணித் தொலை."

மார்ச் 9, ஆஸ்பத்திரி
எழுத முடிகிறது. கை இருக்கிறது.

மூன்றாவது போல்ட் அசையவில்லை. நேரம் தாண்டிவிட்டது. குமிழி கட்டாமல் இருக்க, ஏறும் வழியில் கயிற்றைப் பிடித்து நடுத்தண்ணீரில் தொங்க வேண்டும். காதில் சூப்பர்வைசர்: "இன்னும் நில்லு... இன்னும் நில்லு." சும்மா தொங்குவது எனக்கு ஆகாது. ஏறிவிட்டேன்.

ஹெல்மெட்டைக் கழற்றும்போது தொடையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பிறகு எறும்பும் இல்லை. இடுப்புக்குக் கீழே வேறு யாரோ.

இழுத்துப் போய்ச் சேம்பர் பக்கத்தில் கிடத்தினார்கள். கண்ணாடி வழியே அத்தான் பார்த்தார்.

"அந்தாள வெளிய எடுங்கடா. தோள் வலிதானே, செத்தா போயிடுவான்?" - கத்தினது நான்தான்.

சேம்பர் ஆபரேட்டர் வால்வை விட்டு நகரவில்லை. "பாதியில தொறந்தா அவரும் உன்ன மாதிரி ஆயிடுவாரு. பேசாம கிட."

அவர் வெளியே வந்து நான் உள்ளே போனபோது இருட்டிவிட்டது.

உள்ளே ஒரு ஸ்பீக்கர். வெளியே பேசுவது எல்லாம் கேட்கிறது. ஒவ்வொரு சொல்லும்.

மார்ச் 21
டாக்டர்: "உடனே அழுத்தம் ஏத்தியிருந்தா..."
இழுக்காதீங்க, நடப்பேனா மாட்டேனா என்றேன்.
"மாட்டீங்க."

ஏப்ரல் 2
அக்கா வீடு. "உனக்காகக் கடல் வேலையையே விட்டுட்டாருடா. அவர்கிட்ட ஒரு வார்த்தை நல்லா பேசேன்." நான் கத்தினதை இவளிடம் அவர் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?

ஏப்ரல் 3
இன்றும் கேட்கவில்லை.

மே 11
அத்தான்தான் குளிப்பாட்டினார். நாற்காலியில் உட்காரவைத்து, வாளியிலிருந்து மொண்டு மொண்டு காலில் ஊற்றினார். ஆவி பறந்தது.

"சூடு சரியா இருக்கா மாப்ள?"

தோல் சிவந்துகொண்டே வந்தது. கதவுக்கு வெளியே அக்கா துண்டோடு நின்றிருந்தாள்.

சரியாக இருக்கிறது என்றேன்.