அப்பாவின் எட்டாம் நம்பர் ஷூ

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் தம்பி நலம், உன் அப்பாவின் வலது கால் சுண்டுவிரலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அன்றைக்கு போனில் 'அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி, சின்னக் கால் ஆணிதான்' என்று சொன்னேனே, அவர் பக்கத்தில் நின்று கண்ணால் ஜாடை காட்டினார், அதனால் சொன்னேன். இனிமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. அவர் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பழுப்பு ஷூதான் விரலை நெருக்கியிருக்கிறது. உன்மேல் தப்பே இல்லை, நீ அளவு கேட்டாய், மனுஷன் எட்டு என்றார். கல்யாணத்தன்றும் எட்டு, இன்றைக்கும் எட்டாம். செருப்புக் கடையில் ஊர் உலகத்துக் காலையெல்லாம் அளக்கிறவர், வருகிறவர்களிடம் 'வயசானா பாதம் அகலும் சார், சாயங்காலமா வந்து அளந்து வாங்குங்க' என்று பாடம் எடுக்கிறவர், தன் காலை ஒரு தடவைகூட அந்த அளவுப் பலகையில் வைத்ததில்லை.

ஆணி வந்ததும் என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். பிளேடால் தானே சீவிவிட்டு, ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, அதே ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். சாக்ஸில் சீழ்க் கறையைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். வலிக்கவில்லையா என்று கத்தினேன், 'வலிக்கவே இல்லையே' என்று பெருமையாகச் சொல்கிறார். டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன், அங்கேயும் அதையே சொன்னார். அதைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, வலிக்காததுதான் பயம், அந்த ஷூவை விட்டுவிட்டு ஓய்வெடுக்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்றார். அதற்கு இவர், 'எடுத்துட்டா ஷூ சரியாப் பொருந்திடும் டாக்டர்' என்று ஜோக் அடிக்கிறார். வந்த ஆத்திரத்தில் நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அவரை நிற்கவைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, ஷூவை அதன்மேல் வைத்துக் காட்டினேன். சுண்டுவிரல் பக்கம் கோடு வெளியே நிற்கிறது. 'நீ பென்சிலைச் சாய்ச்சுப் பிடிச்சிட்ட' என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது, சொல். தினமும் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, கட்டுப் போடுவது நான். நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, கட்டோடு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தம்பி ஒளித்துவைத்தான், அதையும் தேடி எடுத்துவிட்டார். 'பொண்ணு வாங்கிக் குடுத்தது, மூலையில போடச் சொல்றியா' என்று என்னிடம் சண்டை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டுகிறாராம்.

அதனால் நீதான் பேச வேண்டும். கொஞ்சாதே, சுற்றி வளைக்காதே. 'அப்பா, எனக்காகப் போட்டது போதும், கழட்டுங்க' என்று சொல். என் பேச்சு எடுபடாது, உன் பேச்சைத் தட்டமாட்டார். நீயும் அவர் பெண்தானே, நகத்தை ஓரத்தில் வளைத்து வெட்டாதே, நேராக வெட்டு, எந்தச் செருப்பானாலும் அளந்து பார்த்து வாங்கு.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் மகிழ்ச்சியாக வாழ வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே போன் செய், மறந்துவிடாதே. வரைந்த தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள், ஐந்து விரலும் இருக்கிறது. நீ வரும்போதும் இருக்க வேண்டும்.

உன் பேச்சை நம்பியிருக்கும்,
அம்மா