முதுகைத் திருப்பி உட்காருங்க, அப்பா

மார்ச் 3

நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடந்துவிடவில்லை. அதற்காக முதலில் ஒரு மன்னிப்பு. ஆனால் வாயால் சொல்ல வராதவர்கள் வேறு எங்கே போவது?

இயற்பியல் முதலாண்டு. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் நான் பேசினால் முன்வரிசைக்கே எட்டாது.

இன்று எழுதக் காரணம் இருக்கிறது. கோடை விடுமுறையில், வெளியூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சி. வகுப்பிலிருந்து ஒருவர்தான். மாதக் கடைசியில் ஆளுக்கொரு ஆய்வை மேடையேறிச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்து எங்கள் இயற்பியல் மேடம் தேர்ந்தெடுப்பார்.

அப்பா பட்டறையிலிருந்து வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று எல்லாம் சொன்னேன். ஊர் தூரம், விடுதியில் தங்க வேண்டும் என்பது வரை. சிரித்தார், தலையாட்டினார். முடிந்தது. இதையே அம்மாவிடம் சொல்லியிருந்தால் விசாரணைக் கமிஷன் வைத்திருப்பாள். ‘சத்தமா பேசு’ என்று என்னிடம் சொல்லாத ஒரே மனிதர் அப்பாதான்.

மார்ச் 6

ஆய்வு முடிவாகிவிட்டது. இரைச்சலில் வேலை செய்பவர்களுக்குக் காது எவ்வளவு மங்குகிறது?

அப்பா தகடு அடிக்கும் இயந்திரத்தில் பாத்திர மூடிகள் செய்கிறார். அந்தப் பட்டறை வாசலில் நின்றாலே நெஞ்சுக்கூடு அதிரும். அவரைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்?

முறை எளிது. காதில் ஹெட்போன். நான் விசையை அழுத்தினால் ஒரு ‘பீப்’. மிக மெல்லியதில் தொடங்கி கூட்டிக்கொண்டே போவேன். கேட்டதும் கையைத் தூக்க வேண்டும்.

மார்ச் 9

முதல் சறுக்கல். அம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தேன்.

“எனக்கா கேக்கல? பக்கத்து வீட்ல பாத்திரம் விழுந்தா தட்டா டம்ளரான்னு சொல்லுவேன்டி.”

பார்த்தால் ஹெட்போனில் இடப்பக்கம் செத்திருக்கிறது. கொடுத்தவள் என் தோழி. ஓயாமல் பேசுவதால் அவளை ரேடியோ என்போம். “ஓசியில வாங்கினா ஒரு பக்கம்தான்டி கேக்கும்” என்கிறாள்.

மார்ச் 13

நல்ல ஹெட்போன் கிடைத்தது. அப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அழுத்த அழுத்தக் கை தூக்கினார். முன்னால் நான் மாட்டிப் பார்த்தபோது எனக்கே கேட்காத ஒலிக்கும் தூக்கினார்!

இத்தனை வருடம் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றவருக்கு என்னைவிடக் கூர்மையான காதா? புத்தகத்தில் இருப்பதெல்லாம் தப்பா? நான் புதிதாக எதையோ பிடித்துவிட்டேனா?

மார்ச் 16

மேடம் என் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்பா எங்க உக்காந்திருந்தார்?”

“எதிர்ல மேடம்.”

“என்ன? சத்தமா சொல்லு.”

“எதிர்ல.”

“உன் விரல் அவருக்குத் தெரிஞ்சுதா?”

தெரிந்தது. விரல், முகம், நான் மூச்சைப் பிடித்துக்கொள்வது எல்லாமே தெரிந்தது.

“அப்ப நீ அளந்தது அவர் காதை இல்லம்மா. கண்ணை.”

வகுப்பே சிரித்தது. ரேடியோ மட்டும் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அழக் கூடாது. நாளைக்கே மறுபடி செய்கிறேன்.

மார்ச் 17

“முதுகைத் திருப்பி உட்காருங்க, அப்பா.” சைகையும் காட்டினேன்.

“எதுக்குப் பாப்பா? அன்னைக்கே நல்லா வந்துச்சே.”

திரும்பி உட்கார்ந்தார். அழுத்தினேன். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். ஹெட்போனுக்கு வெளியே, என் காதுக்கே அது கேட்க ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் கை தொடைமேல் அப்படியே இருந்தது.

சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “ஆரம்பிக்கும்போது சொல்லும்மா.”

மார்ச் 18

எழுத வரவில்லை.

மார்ச் 20

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தைத்துக்கொண்டே சொன்னாள், ஏதோ விலைவாசி பேசுவதுபோல.

“கல்யாணமான புதுசுல நானும் உன்னை மாதிரி முணுமுணுத்துக்கிட்டுதான் இருந்தேன். அந்த மனுசனுக்கு எட்டணுமேன்னு ஏத்தி ஏத்தி என் தொண்டை இப்படி ஊருக்கே கேக்கற மாதிரி ஆயிடுச்சு.”

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“அவருதான் வேணாம்னாரு. நீ பக்கத்துல வந்து வந்து ஏதோ சொல்லுவியாம். கேக்கலன்னு தெரிஞ்சா பேசறதையே விட்டுடுவியாம்.”

அப்போ மூணாந்தேதி அந்தத் தலையாட்டல்? அது சம்மதமே இல்லையா? இத்தனை வருஷம் நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன் – குழாய்கிட்டயா?

கோபமா, வேற என்னவா, தெரியல. ரெண்டும்தான்.

மார்ச் 22

அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். உதட்டைப் பார்க்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தேன். அவரே முந்திக்கொண்டார்.

“என் கணக்கை உன் ஆய்வுல போடாத பாப்பா. எனக்குக் காது கேக்கலைங்கறது மொதலாளி காதுக்குப் போச்சுன்னா, மெஷினை விட்டு எறக்கி மூடி அடுக்க வெச்சிடுவாரு.”

“போடல. ஆனா டாக்டர்கிட்ட வரணும்.”

“பேரம் பேசறியா?”

“ஆமா.”

பயிற்சியைப் பற்றி வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம்.

மார்ச் 24

போனது திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் காது டாக்டர். வேலை நேரம் முழுக்கக் காதுமூடி போட வேண்டுமாம். அப்பா அதை மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். “விமானம் ஓட்டப் போறவன் மாதிரி இருக்கேன்ல?”

மார்ச் 25

அப்பாவின் கணக்கை எடுத்துவிட்டால் என்னிடம் மிஞ்சுவது என் தப்பு மட்டும்தான். சரி, அந்தத் தப்பையே ஆய்வாக்கினால் என்ன?

வகுப்புத் தோழிகளை ஒவ்வொருவராக உட்கார வைத்தேன். ஒருமுறை முகம் பார்த்து, ஒருமுறை முதுகைத் திருப்பி. முகம் பார்த்தபோது எல்லாருக்கும் காது கூர்மையாகிவிட்டது. கடைசியில் ஒலியை நிறுத்திவிட்டு வெறும் விசையை அழுத்தினேன். ரேடியோ கை தூக்கினாள்.

“ஒண்ணுமே வரலடி.”

“போடி, சத்தியமா கேட்டுச்சு.”

பொய் சொல்லவில்லை அவள். அதுதான் அழகு.

மார்ச் 27

மொட்டைமாடியில் ஒத்திகை. அம்மா கீழே தெருவில் நின்றாள். “தொண்டையில பேசாத, வயித்துலேர்ந்து பேசு. என்ன திருடிட்டா வந்திருக்க?”

மார்ச் 28

மேடம் வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் என் தப்பான வரைபடத்தைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். குரல் நடுங்கவில்லை. ‘சத்தமா’ என்று யாரும் சொல்லவில்லை.

பயிற்சிக்கு என்னைத்தான் எடுத்திருக்கிறார்.

“வீட்ல சம்மதம்தானே?”

மாதத் தொடக்கத்தில் என்றால் பட்டென்று ஆமாம் சொல்லியிருப்பேன். இன்று, “நாளைக்குச் சொல்றேன் மேடம்” என்றேன்.

மார்ச் 29

அப்பா வருகிற நேரம். தனியாகக் கூப்பிட்டுப் பேசப்போவதில்லை. அம்மா இருக்கும்போதே, விளக்கு வெளிச்சத்தில், நேருக்கு நேர் நின்று சொல்லப்போகிறேன். தெருவுக்கே கேட்டாலும் கேட்கட்டும். சொல்ல வேண்டியதை இங்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்:

அப்பா, எனக்கு வெளியூர்ல ரெண்டு மாசப் பயிற்சி கிடைச்சிருக்கு. விடுதியில தங்கணும். நான் போகணும்ப்பா. கேட்டுச்சுன்னா பதில் சொல்லுங்க, வேணாம்னாலும் பரவால்ல. கேக்கலன்னா ‘என்ன’ன்னு கேளுங்க, எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். தலைய மட்டும் ஆட்டாதீங்க.