தியேட்டரில் உன் அத்தாவைப் பார்த்தோம்

அன்பு மகள் சம்ரீனுக்கு அம்மா ஜீனத் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்த லண்டன் குளிரில் சுகமாக இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்பேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த உளவாளிப் படத்தைப் பார்த்துவிட்டோம். துபாயில் கடை வேலை என்று சொல்லிவிட்டுப் போன, உன்னைப் பெற்ற அத்தா உண்மையில் எல்லை தாண்டி நம் நாட்டுக்காக உளவு பார்த்தார், பிடிபட்டு அங்கே ஜெயிலிலேயே மவுத்தாகிவிட்டார், அதைத்தான் பெயர் மாற்றிப் படமாக எடுக்கிறார்கள் என்று டெல்லியிலிருந்து வந்த ரிட்டயர்டு ஆபீசர் சொன்னதை உனக்கு அன்றைக்கே சொன்னேன் அல்லவா. நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். சுக்கூர் பெரியத்தா டிக்கெட் எடுத்துவந்து, நாம் பார்க்காமல் யார் பார்ப்பது, கிளம்பு என்றார். கதாநாயகன் நல்ல உயரம், உன் அத்தா என் காது வரைதான் இருப்பார். படத்தில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, பனியில் ஒரு பெண்ணோடு பாட்டு வேறு. ஷஹனாஸ் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், எனக்குக் கை வியர்க்கிறதே என்றுதான் இருந்தது. இடைவேளையில் சமோசாகூடச் சாப்பிட்டேன்.

ஜெயிலில் அடிக்கிற இடம் வந்ததும் பெரியத்தா எழுந்து போய்விட்டார். படம் முடிந்து வந்து பார்த்தால் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வேறு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போய்விட்டான் என்று இத்தனை வருஷம் தென்னூர் முழுக்கச் சொன்னவரும், உன் நிக்காஹ் பத்திரிகையில் அத்தா பெயரைப் போட விடாதவரும் அவர்தானே. "ஓடிப்போனவன்னு சொன்னேனேம்மா, அவனுக்கு அங்க நகத்தப் புடுங்கியிருக்காங்க" என்றார். எனக்குக் கோபமும் வரவில்லை, ஆறுதல் சொல்லவும் வரவில்லை. ஆட்டோ நிக்குது மச்சான், எழுந்திரிங்க என்றேன்.

மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம், கணவர் மவுத்தானால் இருக்க வேண்டிய இத்தாவை நான் இப்போது இருக்க வேண்டுமா என்று கேட்டுவரப் பெரியத்தாவை அனுப்பினேன். மவுத்தான நாளிலிருந்துதான் கணக்காம். அது எப்போதோ முடிந்துவிட்டது, இனி இருக்க ஒன்றுமில்லை என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் நான் உன் ஸ்கூல் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு இருந்திருப்பேன், வண்ணச் சேலை கட்டி யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பெரியத்தா எல்லார் முன்னாலும் எழுந்து, என் தம்பி அப்துல் அஹத் ஓடிப்போகவில்லை, நான்தான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் முழுக்கப் பெண்கள் வந்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து உன் வேதவதி டீச்சரும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். எல்லாரும் அழுதார்கள், நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

நீ வேலைக்கு லீவு போட்டு ஓடி வராதே, ரம்ஜானுக்கு வந்தால் போதும். பிள்ளைக்குக் காது மூடித் தொப்பி போடு. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. தொழுதுவிட்டுக் கையேந்தும்போது, அத்தா நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று இனிமேல் கேட்கக் கூடாது, அவருக்கு மன்னிப்பும் சொர்க்கமும் கேள். எனக்குத்தான் இன்னும் வாய் பழகவில்லை, இன்று விடிகாலை சுபுஹுத் தொழுகையிலும் திரும்பி வரச் சொல்லியே கேட்டுவிட்டேன்.

உன் அம்மா,
ஜீனத்
தென்னூர், திருச்சி