கோப்பையை மூடிய கை

பூசான், தென் கொரியா,
அக்டோபர் 9

அன்பு மகள் தாக்யோங்குக்கு, மான்ஹோ சித்தப்பா எழுதுவது.

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் யாராலும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். நம்பினால் அது உன் குற்றம். அடுத்த மாதம் தோழிகள் இருவரோடு ஆக்லாந்திலிருந்து வருகிறாய், பூசானின் இரவை எப்படி அனுபவிப்பது என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். ஒரு காலத்தில் இந்த ஊர்ச் சூரியன், "மான்ஹோ வீட்டுக்குப் போயாச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கடலைவிட்டு எழும்பும்.

வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். முதலில் பன்றிக்கறி சூப்பும் சோறும். ஒரே கடையில் விடியும்வரை உட்காருவது நம் வழக்கமில்லை. முதல் சுற்று ஒரு கடை, இரண்டாம் சுற்று வேறு கடை, மூன்றாம் சுற்று, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நாமே பாடும் பாட்டு அறை. பாட்டு அறைக்காரர் நேரம் முடிந்த பிறகும் இலவசமாகப் பத்துப் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே போவார். மயங்கிவிடாதே. அப்படித்தான் நான் கறுத்த தலையோடு உள்ளே போய் நரைத்த தலையோடு வெளியே வந்தேன். மெட்ரோ நள்ளிரவோடு நின்றுவிடும், அதையும் பார்த்துக்கொள்.

தெருவோரக் கூடார மதுக்கடைக்காரியை "சித்தி" என்று கூப்பிடு. "மேடம்" என்றால் தட்டில் ஒரு துண்டு கணவாய் குறையும். நான் வழக்கமாகப் போகும் கடைச் சித்தி என்னைக் கண்டதும், "வந்துட்டாருடி, இந்த ஆளு உட்கார்ந்தா கடல்ல மீனும் மிஞ்சாது, ஊர்ல உண்மையும் மிஞ்சாது" என்பாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.

ஊற்றும் முறை முக்கியம். பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் குடி. கோப்பை காலியாகும் முன் மறுபடி ஊற்றக் கூடாது. தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது ஆகவே ஆகாது. அப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் பக்கத்து மேஜைக்காரன்கூட எழுந்து வந்து ஊற்றுவான். யாராவது உள்ளங்கையால் கோப்பையை மூடினால் மட்டும் பாட்டிலைக் கீழே வைத்துவிடு. சிரிக்காதே, வற்புறுத்தாதே.

உன் கடிதத்தின் கடைசியில், சின்ன எழுத்தில், அப்பா சாயங்காலமானால் காரேஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார், குப்பைத் தொட்டியில் பச்சை பாட்டில்கள் கிடக்கின்றன என்று எழுதியிருந்தாய். அதைப் பதினோரு முறை படித்தேன். அங்கே அவருக்கு யார் ஊற்றுகிறார்கள் என்று யோசித்தேன். யாரும் இல்லை.

உனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் ஈரல் கெட்டு, என் ஈரலில் பாதியை அவருக்கு வைத்தார்கள். அது எவ்வளவு பெரிதென்றால் துறைமுகத்திலிருந்து கிரேன் வரவழைத்துத் தூக்கினார்கள், நர்சுகள் வரிசையில் நின்று கும்பிட்டார்கள். இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தம்பி ஈரல் கொடுத்தான், அந்த நன்றியைத் தாங்க முடியாமல்தான் அண்ணன் கடல் தாண்டிப் போனார் என்று உறவினர் சொன்னபோதும் மறுக்கவில்லை.

அண்ணன் எட்டு மாதம் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அதைக் கொண்டாட நான்தான் எல்லோரையும் கூட்டினேன். சுற்றி வந்த பாட்டில் அவரிடம் வந்ததும் கோப்பையைக் கையால் மூடி, "எனக்கு வேணாம்டா மான்ஹோ" என்றார். நான் எழுந்து நின்றேன். "அண்ணே, உள்ள இருக்கறது என் ஈரல். அது குடிச்சுப் பழகினது. நான் அனுமதி தரேன், கையை எடுங்க" என்றேன். மேஜையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். கையை எடுத்தார். இரண்டு கையாலும், மரியாதை குறையாமல், நானே ஊற்றினேன்.

அதன்பின் அவர் நிறுத்தவில்லை. மூன்று மாதத்தில் ஆக்லாந்து போய்விட்டார். போகும்போது விமான நிலையத்துக்கு என்னை வர வேண்டாம் என்றார்.

மகளே, இதைப் படித்ததும் காரேஜ் கதவைத் தட்டு. கோபித்துக்கொண்டால் திட்டு வாங்கிக்கொள். அங்கே நல்ல டாக்டரிடம் அழைத்துப் போ. முடிந்தால் உன்னோடு இங்கே கூட்டி வா. நான் குடியை விட்டு நான்கு வருடமாகிறது. இதையும் யாரும் நம்புவதில்லை. அவர் வந்தால் மேஜையில் பார்லித் தண்ணீர் மட்டும் இருக்கும். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் எதிரே உட்கார வேண்டாம், பக்கத்தில் உட்காரட்டும்.

நீங்கள் எல்லோரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அண்ணன் முக்கியமாக.

சூரியன், நரைத்த தலை, கிரேன், கும்பிட்ட நர்சுகள் எல்லாம் என் வழக்கமான சரக்கு. வேண்டாததைத் தள்ளிவிடு. நான் ஊற்றிய அந்த ஒரு கோப்பை மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
மான்ஹோ