கறி போடாத கறிக்குழம்பு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை, உன் தங்கை பரீட்சை முடித்துவிட்டு வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருக்கிறாள், நீயும் அங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றித் தனியாக எழுதவேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அம்மா போனைப் பிடுங்கி அவள் கட்சியைச் சொல்லுவாள், நான் சொல்லவந்தது அந்தரத்தில் நிற்கும். அதனால் எழுதித் தங்கையிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு. பாதியில் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன்.

நீ கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்ன பெண் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சாப்பிட்டாள். போய்விட்டாள். இனி நம் வீட்டில் அவள் கை நனைப்பாளா என்பது தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையைத் திறந்து தையல் மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கிறது, மனசு எங்கேயோ போகிறது. பக்கத்துத் தெரு வாத்தியாரின் சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன், அதைப் பிரித்து மறுபடியும் அதே பக்கத்தில் வைத்துத் தைத்தேன். வாத்தியார் போட்டுப் பார்த்துவிட்டு, என்னய்யா, என் கைய மாத்திப் போட்டுக்கிட்டு வரணுமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

நீ முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தாய். உனக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் மட்டும் அவளுடைய அப்பா அம்மாவைப் பார்க்க வருகிறாள், ஒரு மத்தியானம் நம் வீட்டுக்கும் வருவாள், கறி மீன் முட்டை எதுவும் தொடமாட்டாள், ஒரு பருப்பும் பொரியலும் போதும், ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்றாய். உனக்கென்ன, சொல்லிவிட்டாய். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா. இந்தக் குடும்பத்துக்குள் வரப்போகிறவர் முதல்முறை வாசல் மிதித்தால் கறிக்குழம்புதான், அதுவும் ஒரே பாத்திரம், அதிலிருந்து முதல் கரண்டி வந்தவருக்கு, அடுத்தது மற்றவர்களுக்கு. உன் அம்மா வந்த அன்றும் அப்படித்தான், உன் அத்தையைக் கட்டிக்கொள்ள வந்தவருக்கும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க அவளுக்கு மட்டும் ஓரமாக ஒரு கிண்ணத்தில் பருப்பு வைத்தால் அது விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை, வீட்டுப் பெண்ணுக்குச் செய்கிறது இல்லை. அதனால் அன்றைக்கு எல்லோருக்குமே கறி போடாத கறிக்குழம்பு என்று முடிவு செய்தேன். உன் அத்தை அதைக் கேட்டுவிட்டு, கறி போடாம கறிக்குழம்பா, அப்போ இனிமே தண்ணி ஊத்தாம குளி என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

அதற்கு முந்தின இரண்டு வாரமும் இந்த வீடு பட்ட பாடு உனக்குத் தெரியாது. முதலில் சேனைக்கிழங்கைப் பெரிய துண்டாக வெட்டி வறுத்துப் போட்டேன், கொதித்த கொதியில் கரைந்து கூழாகிவிட்டது. அடுத்து மீல் மேக்கர். உன் தங்கை ஒரு துண்டை மென்று மென்று பார்த்துவிட்டு, அப்பா, இது பேசுதுப்பா என்றாள், பல்லுக்கு நடுவே அப்படிக் கிறீச்சென்றது. காளான் பரவாயில்லை, ஆனால் குழம்பு நீர்த்துப்போயிற்று. எலும்பு கொதித்து இறங்கும்போது வருகிற அந்தக் கனத்துக்கு எங்கே போவது. கடைசியில் சந்தையில் காய் விற்கிற அம்மாவிடம் புலம்பினேன், அவர் பிஞ்சுப் பலாவைக் கையில் கொடுத்து, வேகவச்சிட்டு நார்நாரா பிச்சு இரும்புச் சட்டியில கருக விடுங்க என்றார். முந்திரியையும் வறுத்த கடலையையும் அரைத்துவிட்டேன், கனம் வந்துவிட்டது. ருசி மட்டும் வரவில்லை. நம் குழம்பின் முகம் இருக்கிறது, குரல் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், வதக்கிவைத்த மசாலா தீர்ந்துபோய் நான் வெறும் பொடியைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறேன். உடனே உட்கார்ந்து வெங்காயம், மிளகாய், மல்லி எல்லாம் போட்டு வழக்கம்போல மசாலா வதக்கி ஜாடியில் அடைத்தேன். அதைப் போட்டுக் கொதிக்கவைத்த அன்று தெருவே மணத்தது. உன் அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு உடனே இன்னொரு வாய் வைத்தாள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும். பலாக்காயால் வந்த ருசி என்று நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

இத்தனைக்கும் அவளுக்காக எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன் தெரியுமா. நம் பழைய பாத்திரத்தில் கறி வாடை இருக்கும் என்று புதுப் பாத்திரம், புதுக் கரண்டி, காய் நறுக்கப் புதுப் பலகை, கத்தியைக்கூட வெந்நீரில் போட்டு எடுத்தேன். அம்மா சிரித்தாள், ஆபரேசனா பண்ணப் போறீங்க என்று.

அவள் வந்தாள். நல்ல பெண் தம்பி. அதிகம் பேசவில்லை, ஆனால் பேசினால் ஆளைப் பார்த்துப் பேசுகிறாள். வாசலில் அங்கிள் என்றாள். முதல் கரண்டியை நான்தான் ஊற்றினேன், சாப்பிட்டாள், இரண்டாவது தடவை அவளே தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா என்றாள். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாப்பிட்டு முடித்து விரலை வழித்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள், இத எப்படிப் பண்றதுன்னு சொல்லுங்க மாமா, அங்க அவருக்குச் செஞ்சு குடுக்கணும். நான் பெருமையாக ஆரம்பித்தேன், பலாவைப் பற்றி, முந்திரியைப் பற்றி. அதற்குள் உன் அம்மா ஃபிரிட்ஜிலிருந்து மசாலா ஜாடியை எடுத்துவந்து, எதுக்கு அவ்வளவு கஷ்டம், இதுல கொஞ்சம் எடுத்துட்டுப் போம்மா என்று மேசையில் வைத்தாள். குளிரில் ஜாடியின் மேலே வெள்ளையாக உறைந்து நின்றிருந்தது. கொழுப்பு. ஆட்டுக் கொழுப்பு.

இந்த வீட்டில் மசாலாவை எண்ணெயில் யார் வதக்கினார்கள், சொல். கறிக்கடையில் கொழுப்பு வாங்கி உருக்கி அதில்தானே வதக்குவோம். எனக்குக் கறி என்றால் துண்டு, எலும்பு. அதை எல்லாம் விலக்கினேன், கத்தியைக்கூட விலக்கினேன். மசாலா என்பது மசாலாதானே என்று இருந்துவிட்டேன். கறிக்கடைக்காரர்கூட அன்றைக்கு, என்ன அண்ணே, கறி வேணாமா, வெறும் கொழுப்பு மட்டும் போதுமா என்று கேட்டார். ஆமாப்பா, வீட்டுக்குச் சைவம் சாப்பிடுற புள்ள வருது என்று நானே வாயால் சொல்லிவிட்டு வாங்கிவந்தேன். அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அவள் ஜாடியை உற்றுப் பார்க்கவில்லை, அதற்குள் கை கழுவ எழுந்துவிட்டாள். என் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள், பின்னாலேயே நானும் அத்தையும். அங்கே மூன்று பேரும் குசுகுசுவென்று சண்டை. அம்மா, சாப்பிட்டு முடிச்சாச்சு, இனிமே சொல்லி என்ன ஆகப்போவுது, அந்தப் புள்ள மனசுதான் நோகும் என்றாள். அத்தை, சொன்னா இந்த வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டா, உன் புள்ளையும் அவ பின்னாடியே போயிடுவான், பெரிய உண்மை விளம்பி ஆகாத, வாய மூடிக்கிட்டு இரு என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். உன்னை இழந்துவிடுவேனோ என்கிற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அவள் என்னை நம்பித்தானே தட்டை நீட்டினாள். இன்று மறைத்தால் அவள் வருகிற ஒவ்வொரு தடவையும் மறைக்கவேண்டும், மசாலா கொடுங்கள் என்றால் ஒரு பொய், எப்படி என்றால் ஒரு பொய். ஒரு சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் அவளை ஏமாற்ற எனக்குத் தெம்பு இல்லை. போய் அவளிடம் சொல்லிவிட்டேன். தெரியாம நடந்துபோச்சும்மா, மசாலாவுல ஆட்டுக் கொழுப்பு இருக்கு, நான்தான் வதக்கினேன், இப்பத்தான் புரிஞ்சுது என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். மறுபடியும் எழுந்து வாஷ்பேசினுக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது, வெளியே நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். வந்தபோது கண் சிவந்திருந்தது. அவளுடைய வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்களாம், இவள்தான் சின்ன வயதிலேயே, ஆடு வெட்டுவதைப் பார்த்த நாளில் விட்டுவிட்டாளாம். சொந்தக்காரர்கள் பல தடவை குழம்பில் கலந்து கொடுத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடித்தபிறகு சொல்லிச் சிரிப்பார்களாம். அதைச் சொல்லிவிட்டு, நான் கிளம்புறேன் அங்கிள் என்றாள். மாமா மறுபடியும் அங்கிள் ஆகிவிட்டார். உன் தங்கை ஆட்டோவரை கூடப்போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை, தட்டை வைக்கிற சத்தத்தில்தான் பேசுகிறாள். அத்தை அவள் வீட்டுக்குப் போய்விட்டாள், போகும்போது, நான் சொன்னேன்ல என்று மட்டும் சொன்னாள். நீயும் இரண்டு நாளாகக் கூப்பிடவில்லை. அவள் உன்னிடம் சொல்லிவிட்டாளோ, நீ கோபத்தில் இருக்கிறாயோ, உன் வேலை நேரம்தான் மாறியதோ, எதுவும் தெரியாமல் நான் போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை தம்பி. ஆனால் தப்பு செய்யாதவனுக்கு இவ்வளவு நெஞ்சு படபடக்குமா என்பதும் புரியவில்லை.

நேற்று இதுவரை எழுதிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டேன். இன்று மத்தியானம் ஒரு கால்சட்டைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது, அவள். மிதிப்பதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை, கால் பாட்டுக்கு மிதித்து ஊசி முறிந்தது. எப்படி இருக்கீங்க மாமா என்றாள். இருக்கேம்மா என்றேன். அப்புறம் அவளே பேசினாள். அவளுக்கும் இத்தனை நாள் மனசு ஒரு நிலையில் இல்லையாம், என்மேல் கோபப்படவேண்டும் என்று முயற்சி பண்ணிப் பார்த்தாளாம், முடியவில்லையாம். நீ இருக்கிற ஊருக்குத் திரும்புமுன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன் என்றாள். நான் பதறிப்போய், என்னென்ன போடணும், எதெது கூடாதுன்னு நீயே சொல்லிடும்மா, நீ வந்து பக்கத்துல நின்னுக்கிட்டாலும் சரி என்றேன்.  அதற்கு அவள் சொன்னாள், வேணாம் மாமா, வெளியில எங்க போனாலும் இதுல என்ன இருக்கு, அதுல என்ன இருக்குன்னு கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிடுவேன், உங்க வீட்டுல மட்டும் கேக்காம சாப்பிடணும்னு இருக்கு.

நான் சரிம்மா என்று போனை வைத்துவிட்டு, கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு அழுதேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அவளிடம் நீயாக இந்தப் பேச்சை எடுக்காதே, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். கழுத்தில் துணி சுற்றாமல் குளிரில் வெளியே போகாதே, சளி பிடித்தால் உனக்கு லேசில் விடாது. நீங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் எதையும் ஒளிக்கத் தேவையில்லாமல் நிறைந்து வாழவேண்டும், அதைவிடப் பெரிதாகக் கேட்டுக்கொள்ள எனக்கு எதுவும் தோன்றவில்லை. நான் இப்போது கடைத்தெருவுக்கு, மசாலா வதக்க எண்ணெய் வாங்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அப்பா